பய்யூமி போட்ட சிவப்புக் குறி

பய்யூமிக்கு ஜின் பிடித்திருந்தது என்று சொல்லித் திரிகிறாளே அவன் பக்கத்து வீட்டு உம் ஹாஷிம், அவள் முதலில் வாயை மூடட்டும். ஜின் பிடித்தவனா பத்துப் பேர் உயிரைக் காப்பாற்றினான்?

கெய்ரோவைத் தாண்டிப் பாலைவனத்தில் எழும்புகிற புது நகரம். சுவர்களைக் களத்தில் படுக்கவைத்து வார்த்து, கிரேனால் தூக்கி நிறுத்தினால் வீடு. அங்கே பாதுகாப்பு பய்யூமி பொறுப்பு. காலையில் ஒவ்வொரு சுவரையும் சுத்தியலால் தட்டிக் கேட்பான். கிரேன் கொக்கி மாட்டுகிற இரும்பு வளையத்தை ஆட்டிப் பார்ப்பான். ஆடினால் சிவப்பு மெழுகுக் கட்டியால் பெருக்கல் குறி. அந்தச் சுவரைத் தூக்கக் கூடாது.

இரண்டாவது கட்டடம் தொடங்கிய அன்று ஒரு சுவரில் குறி போட்டான். எந்தச் சுவரென்று நோட்டில் எழுதுமுன், புதுக் கட்டடத்துக்குப் பலியென்று ஆட்டை அறுத்துவிட்டார்கள். கண்ணேறு படக் கூடாதென்று ஆளாளுக்கு ரத்தத்தில் கை தோய்த்துச் சுவர்களில் பதித்தார்கள். பய்யூமியும் சிரித்துக்கொண்டே ஒன்று பதித்தான். பிசகு அங்கேதான். மறுநாள் பதினொரு சுவரிலும் காய்ந்த கைகள், குறியைக் காணோம். எல்லாம் ஒரே அச்சு, எதில் போட்டோமென்று அவனுக்கே நினைவில்லை. வளையங்களை ஆட்டினான். ஆகஸ்ட் வெயிலில் இரும்பு விரிந்து இறுகி, ஒன்றும் அசையவில்லை.

"கழுவிப் பாத்துடறேன்" என்றான்.

மேஸ்திரி இத்ரீஸ் பாய்ந்து வந்தார். "ஆண்டவன் தர்ற பரக்கத்தையா கழுவுவே? எவன் தலையில விழறதுக்கு?"

"குறி தெரியாம தூக்கினா மொதல்ல உங்க தலைதான், ஹாஜி."

எல்லாரும் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போனபின் தனியாகச் சுவர் சுவராக நடந்தான். பதினோராவதில் ஒரு கை மட்டும் ஈரமாக இருந்தது. அந்த வெயிலில், ஒரு நாள் கழித்து! உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். விரலுக்கு விரல் பொருந்தியது. அவன் கையேதான்.

குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் தேய்த்தான். அடியில் சிவப்புக் குறி.

திரும்பி வந்த இத்ரீஸ் அதைப் பார்த்து வெகுண்டு, "தூக்குடா!" என்று கிரேன்காரனுக்குக் கை காட்டினார். பய்யூமி சுவரடியில் நின்ற பத்துப் பேரையும் பிடித்துத் தள்ளி, எல்லைக் கயிற்றுக்கு வெளியே விரட்டினான். சுவர் ஆள் உயரம் எழும்பியது. வளையம் பிய்ந்தது. புழுதி அடங்கியபோது ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

நன்றி சொன்னார்களா? "கழுவினான், விழுந்துச்சு" என்றார் இத்ரீஸ். "அவன் இருந்தா நாங்க வரமாட்டோம்" என்றார்கள் அந்தப் பத்துப் பேரும். கம்பெனி அவன் சீட்டைக் கிழித்தது.

அவன் குடியிருந்தது அதே களத்துச் சுவர்களால் எழுப்பிய முதல் கட்டடத்தில். கிளம்புகிற அன்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் அறைச் சுவர்களைத் தட்டினான். மூன்று கணீரென்றன. உம் ஹாஷிம் வீட்டை ஒட்டிய நாலாவதை மறுபடி தட்டினான். காதை வைத்துக் கேட்டான். மெழுகுக் கட்டியை எடுத்துப் பெரிதாகக் குறி போட்டுவிட்டு, அவளைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"அத்தை, இந்தச் சுவர் ஓரமாப் படுக்காதீங்க. ஆபீஸ்ல சொல்லிப் பாத்துட்டேன், கேக்கமாட்டேங்கறாங்க."

"போடா பைத்தியக்காரா!" என்று அவள் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. வாசலைத் தாண்டிப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை.

ஜின் பிடித்தவன் என்கிறாளே, அன்று பொழுது சாய்வதற்குள் கட்டிலைச் சுவரை விட்டு நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டது யாராம்?