கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முந்தைய கேள்வி

முப்பது வருடம் பள்ளியில் எதிர்ச்சொல் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு சொல்லை அதற்கு எதிரான சொல்லின் பக்கத்தில் வைத்தால்தான் பொருள் பளிச்சென்று புரியும் என்று பிள்ளைகளிடம் அளந்துவிட்டிருக்கிறேன். கண்ணுக்கும் அதே கதைதான் என்பது வயதான பிறகு தெரிந்தது. தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் சாம்பல் நிறப் படியும் சாம்பல் நிறத் தரையும் எனக்கு ஒன்றாகிவிடும். விளிம்பில் மஞ்சள் பட்டை தேய்ந்த இடங்களில் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள்.

அவளுக்குப் போன வருடம் ஈரலில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அது திரும்ப வந்திருக்கிறதா என்று பார்க்க இப்போது ஸ்கேன். ஊசி போடாமல் எடுத்த படத்தில் ஈரல் முழுக்க ஒரே சாம்பல் நிறம். "கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்தினாத்தான் கட்டி தனியா தெரியும் சார்" என்றார் டாக்டர்.

அதற்காகக் குரோம்பேட்டை ஸ்கேன் சென்டருக்கு மூன்று நாள் அலைந்தோம். முதல் நாள் மெஷின் ரிப்பேர். மறுநாள் ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. பட்ட காலிலேயே படும் என்பது சரிதான். மூன்றாம் நாள் அவள் காலையிலிருந்து பட்டினி. நான் சரியாகத் தூங்கி வாரமாகிறது. கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். இந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று அதில் ஒரு கேள்வி.

போயிருக்கிறது. போன வருடம் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு வாங்கியது. 'ஆம்' என்று போட்டால் ஒவ்வாமை வராமலிருக்க மாத்திரை கொடுத்து இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். இன்னொரு நாளா? போன வருடம் ஒரே மாற்று ஊசியில் அடங்கிவிட்டதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தேன்.

உள்ளே கூப்பிட்ட டெக்னீஷியன் அதையே அவளிடம் வாய்விட்டும் கேட்டார்.

"ஆமாம்ப்பா, போன தடவ மூச்சே வாங்கிடுச்சு" என்றாள்.

அவர் படிவத்தைப் பார்த்தார். "இன்னா சார், நீங்க இல்லன்னு போட்டுக்கீறீங்க?"

மறந்துவிட்டேன் என்றேன். வெட்கமாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து மறுநாள் வரச் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் ஆட்டோ சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டியது. "நீங்க மறக்கலதானே?" என்றாள்.

"மறக்கல. அலுத்துப் போச்சு."

"எனக்குந்தான்" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே. "ஆனா இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு எனக்கு ஆசையா இருக்குங்க."