சூசைமேரியின் தீர்த்தத் தொட்டி

புலியகுளத்தில் சூசைமேரி வீட்டு வாசலில் ஒரு நீச்சல் தொட்டி இருக்கிறது. இரும்புக் குழாய்களை நிறுத்தி நீலத் தார்ப்பாய் மாட்டி, தரைக்கு மேலே நிற்கிற தொட்டி. பக்கத்துத் தெரு தேஜா குடும்பம் பெங்களூருக்கு மாறிப் போகும்போது தூக்கிப் போட இருந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதில் இதுவரை யாரும் நீந்தியதில்லை. சிறுவாணித் தண்ணீருக்குப் பத்து நாள் காத்துக் கிடக்கிற தெருவில் நீச்சலடிக்கத் தனியாக ஒரு திமிர் வேண்டும். குழாயில் தண்ணீர் வருகிற அன்று ஹோஸ் போட்டு நிரப்பி, கொசு இறங்காமல் பழைய சேலையால் மூடி, சுற்றிலும் கயிறு கட்டிவிடுவாள்.

சூசைமேரி தையல்காரி. அம்மா இறந்தபின் தங்கை ரெபேக்காவை வளர்த்து, உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்தாள். தனக்கு வந்த வரன்களைத் தட்டிக்கழித்துவிட்டாள். அவளிடம் ஒரு பலவீனம் உண்டு. எதையும் மந்திரிக்காமல் விடமாட்டாள். தையல் மிஷின், கேஸ் அடுப்பு, மிக்ஸி எல்லாமே பாதிரியாரின் சிலுவைக் குறி வாங்கியவைதான்.

போன சித்திரையில் ரெபேக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பையன் பிறந்தான். மூன்று மாதம் பிள்ளையைத் தன் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று சூசைமேரி தொட்டியைத் தளும்பத் தளும்ப நிரப்பியிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே வீடு மந்திரிக்க ஃபாதரை அழைத்தாள். புதிதாக மாற்றலாகி வந்த இளம் பாதிரியார்.

"ஏனுங்க ஃபாதர், இந்தத் தொட்டியையும் கொஞ்சம் மந்திரிச்சுப்போடுங்க."

தொட்டியைத்தான் சொன்னாள். அவரோ தண்ணீரை மந்திரிக்கும் செபத்தை முழுதாகச் சொல்லி, மந்திரித்த உப்பையும் போட்டு, கையை விட்டுச் சிலுவை போட்டார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சூசைமேரிதான் உரக்கச் சொன்னாள்.

சாயங்காலம் பிள்ளையின் பீத்துணி அலச வாளியோடு போனவள் தொட்டியருகே அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை, தீர்த்தம். தீர்த்தத்தில் பீத்துணி அலசுவதா? கக்கூசில் ஊற்றுவதா? காலி வாளியோடு திரும்பினாள்.

அப்புறம் நடந்ததைத் தெருவே பார்த்தது. எதிர்வீட்டு மிஸ்பாவின் போர்வெல் உப்புத் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்தாள். கோயில்காரர்கள் பாட்டிலோடு வந்து தீர்த்தம் வாங்கிப்போனார்கள். பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. கார்ப்பரேஷன் குழாயில் எங்கேயோ உடைப்பு என்று தண்ணீரும் வரவில்லை. கடைசியில் மிஸ்பா வீட்டு போர்வெல்லும் தண்ணீர் வற்றி இருமத் தொடங்கியது.

ரெபேக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஊரு முச்சூடுக்கும் பாட்டல்ல ஊத்திக் குடுக்கறீங்க. உங்க புள்ளைக்கு ஒரு சொம்பு தண்ணியில்லீங்களாக்கா? நாங் காலைல உடுமலைக்கே போயிர்றேனுங்க. அங்க டேம் தண்ணி தெனமும் வருது."

"உங்க புள்ளை" என்று அவள் சொன்னதுதான் அக்காவைச் சுட்டது. சூசைமேரி பிள்ளை போய்விடுமே என்று இரவு முழுக்க அழுதாள். ஆனாலும் தொட்டிக் கயிற்றை அவிழ்க்கக் கை வரவில்லை.

காலையில் ரெபேக்கா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் காமாலை வராமல் இருக்கப் பிள்ளைக்கு இளவெயில் காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். சூசைமேரி அவனை அம்மணமாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். போகிற பிள்ளை, நெற்றியில் ஒரு துளி தீர்த்தமாவது வைத்து அனுப்புவோம் என்று சேலையை விலக்கிக் குனிந்தாள்.

பையன் உடம்பை ஒருமுறை சிலிர்த்தான். பிறகு நிதானமாக, நீளமாக, தொட்டிக்குள்ளேயே ஒண்ணுக்குப் போனான்.

சூசைமேரி அவனைத் திருப்பவில்லை. முடிகிறவரை பிடித்துக்கொண்டு நின்றாள். மிஸ்பா வீட்டுக்கு அடுத்த எங்கள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த நான் பார்த்தேன், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெபேக்கா, அந்தத் துணியெல்லாம் எடுத்துட்டு வா கண்ணு. அலசிப்போடலாம்."

"தீர்த்தமுங்களேக்கா?"

"நேத்து வரைக்குந்தான்."

பை மறுபடி கட்டிலுக்கு அடியில் போனது. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. பத்து மணிவாக்கில் கோயில்கார அம்மா ஒருத்தி பாட்டிலோடு வந்தாள். சாமி காரியத்துக்கு இல்லையென்று சொல்லியே பழக்கமில்லாத சூசைமேரி, துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"இல்லீங்க. அது எங்க கொழந்தைக்கு வச்சிருக்கற தண்ணிங்க."