தேயிலைப் பெட்டிக்குள் ஒரு கம்பியூட்டர்

"தண்ணி சென்சர்?"

"இருக்குங்க."

"காத்து சென்சர்?"

"இருக்குங்க."

"நேரா நின்னு, தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. த்ரொட்டில்?"

பதுளை பஸ் நிலையத்துக்குக் கீழே இருக்கும் அந்தத் தகரக் கொட்டகைக்கு வண்டி கொண்டுவந்தவர் எவரானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. தோட்டத்தில் காலைப் பெரட்டில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, ஆள் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மலைக்கு அனுப்புவார்கள். வீரய்யா எஞ்சினுக்கும் பெரட்டு வைப்பார். அவர் பெயர் கூப்பிடக் கூப்பிட, வண்டிக்காரர் அந்தந்த வயரைத் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை வங்கி மேனேஜர் ஒருவர் பாதியில் சிரித்துவிட்டார். வீரய்யா பொனட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மேனேஜர் அரைமணி நேரம் வெயிலில் நின்றார்.

மனுஷருக்கு நாற்பத்திரண்டு வயது. காதில் பென்சில், சட்டைப் பையில் வெள்ளைக் கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையால் அவர் ஒருநாளும் முகம் துடைத்ததில்லை. ஓடுகிற எஞ்சினின் சைலன்சர் வாயில் அதைப் பிடித்து, கறையைப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, "பெட்ரோல் கூடக் குடிக்குது" என்பார். கெட்டுப்போன எஞ்சின் கம்பியூட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, தானே சேர்த்த பெட்டியைப் பூட்டி, எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று லெப்டொப்பில் அறுபத்துநான்கு கட்டங்களில் எண்ணெண்ணாகத் தட்டி வைப்பதுதான் அவர் தொழில். இரண்டாயிரத்து ஆறில் பதுளையில் இதைச் சொன்னால் மாந்திரீகம் என்று நினைத்தவர்களும் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் வீரய்யாவுக்குக் கணக்குப் போய்விட்டது. மலைமேல் மடுல்சீமையில் அவர் படித்த பள்ளிக்கூடத்துக்கு முழுசாக இரண்டு வருஷம் கணக்கு டீச்சரே கிடையாது. வந்தவர்கள் ஆறு மாதத்தில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். "நான் கணக்கு பெயிலுங்க" என்று வாடிக்கையாளர்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. தசமப் புள்ளியில் தடுக்கி விழும்போதெல்லாம் பென்சிலை மேசையில் ஓங்கிக் குத்துவார். முனை உடைந்த பென்சில்கள் கொட்டகையெங்கும் கிடக்கும்.

சாமான் தேர்ந்தெடுப்பதில் அவரை ஏமாற்ற ஆள் பிறந்துதான் வர வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு விற்பனைக்காரர் பளபளவென்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். வீரய்யா மூன்றே கேள்விதான் கேட்டார். "இத தொறக்க முடியுமா? எண்ண நானே மாத்த முடியுமா? தட்டிக்கிட்டு இருக்கையில கரண்டு போனா, தட்டுனது நிக்குமா, போயிருமா?" திறக்க முடியாது, எண்ணை மாற்றும் மென்பொருளுக்கு ரகசியச் சொல் கொழும்பு ஓபிசில்தான் இருக்கிறது என்றார் அவர். "அப்ப நீங்களே மடுல்சீமைக்கு ஏறி வந்து ஓட்டுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடைசியில் அவர் எடுத்தது, துண்டு துண்டாக வந்து நாமே ஈயம் பற்றவைத்துக்கொள்ளும் ஓர் அமெரிக்கப் பலகை. அதற்கு மென்பொருள் இலவசம். இன்டர்நெட் கடை அஸீஸ்தான் கிரெடிட் கார்டு வைத்திருந்த மச்சானைப் பிடித்து அதைத் தருவித்துக் கொடுத்தார். இருநூறு பக்கப் புத்தகத்தையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, "இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள காரே வேணாம்னு ஆகிரும் பாஸ்" என்றார். வீரய்யா ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

லெப்டொப்பும் அப்படித்தான். மெல்லிசாக, அழகாகப் புதுசு கிடைத்தபோதும், செங்கல் கனத்தில் ஒரு பழசைத்தான் வாங்கினார். பழையதில் ஒன்பது ஊசி சொக்கட் இருக்கிறது, பெட்டியின் வயர் நேராகப் போய் உட்காரும். புதியதற்கு நடுவில் ஒரு மாற்று வயர் வேண்டும். "நடுவுல ஒரு தரகர் எதுக்குங்க?" பற்றரி செத்துப்போனதால், வண்டியின் பற்றரியிலிருந்தே அதற்குக் கரண்டு. அந்த லெப்டொப் வாழ்வது உள்ளே ஈயத்தாள் ஒட்டிய ஒரு பழைய தேயிலைப் பெட்டியில். தேயிலையைக் காக்கிற பெட்டி கம்பியூட்டரையும் ஈரத்திலிருந்து காக்காதா என்ன? பூட்டுச் சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

இப்பேர்ப்பட்டவருக்கும் ஒரு சறுக்கல் வந்தது. முருகையாவின் பெட்ரோல் வேனில்தான்.

பதுளையில் குடியிருக்கும் ஏழு ஆசிரியர்களைத் தினமும் மடுல்சீமைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது அந்த வேன். மழைத்தண்ணீர் இறங்கி அதன் கம்பியூட்டர் அவிந்துபோக, வீரய்யா தன் பெட்டியைப் பூட்டினார். பதுளைத் தெருவெல்லாம் பஞ்சாக ஓடியது. வெள்ளிக்கிழமை ஆசிரியர்களோடு ஏறியபோது, பசறை தாண்டி நாலைந்து வளைவு போனதும் கறுப்புப் புகை கக்கி, இருமி, படுத்துவிட்டது. டீச்சர்மார் கொழுந்து லொறியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது பிள்ளைகள் பாதிப்பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

கணக்கு டீச்சர் சத்தியபாமா யாழ்ப்பாணத்துக்காரர். அன்று பின்னேரம் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"அண்ணை, இந்த மாசத்தில இது மூண்டாவது தடவை. இடமாற்றத்துக்கு எழுதி வச்சிட்டன். திங்கக்கிழமையும் வேன் நிண்டால் பள்ளிக்கூட அதிபரிட்டைக் குடுத்துப்போடுவன். கோவிக்காதேங்கோ."

வீரய்யா கோபிக்கவில்லை. மறுபடியும் அதே பள்ளிக்கூடம், மறுபடியும் கணக்கு டீச்சர் இல்லை, இந்தத் தடவை காரணம் அவருடைய பெட்டி. சனியும் ஞாயிறும் வேனைத் தெருத்தெருவாக ஓட்டினார். சனியன் பிடித்த வண்டி ஒரு இருமல் இருமவில்லை! பெரட்டு வைத்தார், எல்லா சென்சரும் ஆஜர். பென்சில் ஆறு உடைந்தது.

திங்கள் காலை தேயிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே வேனில் ஏறிவிட்டார். ஓடும்போதே எண்களைக் குறிக்க வேண்டும். லெப்டொப்பையே குறிக்கச் சொன்னால் பழசு திணறும். சத்தியபாமா டீச்சர் பக்கத்து இருக்கையில் இருந்தார்.

"டீச்சர், நான் சொல்லச் சொல்ல எழுதுறீங்களா?"

அவர் கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, எழுதாத பக்கத்தைத் திருப்பிப் பேனாவைத் திறந்தார்.

"தண்ணி எண்பத்தெட்டு. த்ரொட்டில் நாப்பது. காத்து கனம் தொண்ணூத்துநாலு."

வேன் பசறையைத் தாண்டியது. மழை தூறியது. வளைவுக்கு வளைவு வீரய்யா வாசிக்க, டீச்சர் பத்தி பிரித்து எழுதினார். எஞ்சின் லேசாக இரும ஆரம்பித்தது. பின்னால் இருந்தவர்கள் குடையைத் தேடினார்கள்.

"அண்ணை, பொறுங்கோ" என்றார் டீச்சர். "எல்லா எண்ணும் மாறுது. இந்தக் காத்து மட்டும் தொண்ணூத்திநாலிலயே நிக்குது. இவ்வளவு மேல ஏறின பிறகு காத்து குறைய வேணுமெல்லே?"

வீரய்யா தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு பளாரென்று தன் நெற்றியில் அறைந்துகொண்டார். புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கம்! சாவியைத் திருப்பும்போது மட்டும்தான் அந்தப் பெட்டி வெளிக்காற்றை ஒருமுறை அளக்கும். அப்புறம் நிறுத்தித் திருப்பும்வரை அதே கணக்கில்தான் பெட்ரோல் ஊற்றும். படித்தார்தான். ஆனால் மலை ஏறுகிறவன் வழியில் எங்கேயாவது எஞ்சினை நிறுத்தாமலா போவான் என்று விட்டுவிட்டார்.

"முருகையா, சாவிய எங்க வச்சித் திருப்புனீங்க?"

"பதுளையிலதான்ணே."

"பொறவு?"

"பொறவு எதுக்கு? பள்ளிக்கூடத்துலதானே நிப்பாட்டுவேன். பதினஞ்சு வருசமா நடுவழியில எஞ்சின நிப்பாட்டுனதே இல்ல. மேட்டுல நின்னா ஸ்டார்ட் ஆவாதுண்ணே."

அது முருகையாவின் தனிப் பழக்கமல்ல. அந்த மலைப்பாதையில் ஓட்டும் எல்லோருக்கும் அதே பயம். ஆள் ஏற்றும்போதும் எஞ்சின் உறுமும், வழியில் சாமி கும்பிடும்போதும் உறுமும். பாவம், பெட்டி என்ன செய்யும்? தான் இன்னும் பதுளையில் நிற்பதாகவே நினைத்து, பதுளைக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை மலைக்காற்றில் ஊற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வளைவில் முனியாண்டி கோயில். வழக்கம்போல முருகையா வேகத்தைக் குறைத்து, எஞ்சின் ஓட ஓட, ஜன்னல் வழியாகக் காசு போடக் கையை நீட்டினார்.

"நிப்பாட்டுங்க" என்றார் வீரய்யா.

"நிக்குறேன்ல?"

"எஞ்சின நிப்பாட்டுங்க."

"ஐயோ, வேணாம்ணே. ஏழு டீச்சர்மாரு இருக்காங்க. மழை வேற. உருட்டிவிடக்கூட ஆள் இல்ல."

"எஞ்சின் இப்படிக் கத்துனா சாமிக்கு நீங்க கேக்குறது எப்படிங்க காதுல விழும்? நிப்பாட்டுங்க. ஸ்டார்ட் ஆவலன்னா நானே தள்ளுறேன்."

முருகையா முனியாண்டியைப் பார்த்தார், வீரய்யாவைப் பார்த்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு எஞ்சினை அணைத்தார். மேலே மலையில் கொழுந்தெடுக்கிற பெண்கள் பேசிக்கொள்வதுகூடக் கேட்டது.

"இப்பத் திருப்புங்க."

ஒருமுறை முனகியது. இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது.

"காத்து கனம் எண்பத்தெட்டு!" வீரய்யா கத்திய கத்தலில் பின் இருக்கையில் ஒரு டீச்சரின் சாப்பாட்டுப் பார்சல் மடியிலிருந்து விழுந்தது. அப்புறம் வேன் இருமவே இல்லை. மேலே போகப் போக இன்னும் இரண்டு இடத்தில் நிறுத்தித் திருப்பச் சொல்லி, டீச்சரின் பேனாவை வாங்கி அதே தாளில் எண்ணைக் குறித்துக்கொண்டார். முருகையா இரண்டு தடவையும் கண்ணை மூடிக்கொண்டுதான் அணைத்தார். முதல் மணி அடிக்கும்போது வேன் பள்ளிக்கூட வாசலில் நின்றது.

வீரய்யா இறங்கிக் கைக்குட்டையைச் சைலன்சரில் பிடித்தார். கறை இல்லை. பிள்ளைகள் டீச்சர்மாரைச் சூழ்ந்துகொண்டு பைகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, அந்தத் தாளைத் தாங்கோ" என்று சத்தியபாமா டீச்சர் திரும்பி வந்தார்.

வீரய்யா தாளைப் புரட்டினார். மறுபக்கம் 'இடமாற்றம் கோருதல்' என்று அழகான கையெழுத்தில் தொடங்கியிருந்தது. மறுபடி எண்கள் இருந்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுல என்னோட நம்பரெல்லாம் இருக்குங்களே டீச்சர். இது இல்லாம வேன் ஓடாதுங்க."

டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். வீரய்யா தாளை நாலாக மடித்து லெப்டொப்புக்கு அடியில் வைத்துத் தேயிலைப் பெட்டியைப் பூட்டினார். பேனாவை மட்டும் இரண்டு கையாலும் டீச்சரிடம் நீட்டிவிட்டு, பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.