ஆள் இருக்கிற மாதிரி ஒரு வீடு

போன செவ்வாய்க்கிழமை காலையில் ரஃபீக் பாய் போன் செய்தார்.

"சார், உங்க வீட்டுச் சாவி ஒரு அரை மணி நேரத்துக்கு வேணும். நானே வந்து வாங்கிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை! ஒரு தடவை கேட்டால் தேவை. இரண்டு தடவை கேட்டால் அவசரம். மூன்றாவது தடவையும் கேட்டால்... அது திட்டம்தானே?

"எதுக்கு பாய்?"

"கொசு தாங்கல சார். உங்க வீட்டுப் பின்பக்கம் தண்ணி நிக்குதுன்னு நெனைக்கிறேன். பாத்துட்டு உடனே பூட்டிர்றேன்."

கொசுவாம்! திருவல்லிக்கேணியில் கொசு இல்லாத வீடு எது? அதற்காக யாராவது அடுத்தவன் வீட்டுச் சாவியைக் கேட்பார்களா? "பார்க்கலாம் பாய்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நம்ம ஊரில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

விஷயத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பது மேற்கு மாம்பலத்தில். திருவல்லிக்கேணியில், கோயிலுக்கும் பெரிய மசூதிக்கும் நடுவே ஒரு சந்தில், அப்பா வாங்கிப் போட்ட வீடு ஒன்று இருக்கிறது. அதை ஒட்டின வீட்டில் இருபது வருஷமாக வாடகைக்கு இருப்பவர் ரஃபீக் பாய். புத்தக பைண்டிங் கடை வைத்திருக்கிறார். மனைவி, பத்தாவது படிக்கிற ஒரே பெண் ஷிஃபா. அதிர்ந்து பேசாத நல்ல மனிதர். ஒருத்தர் ரொம்ப நல்லவராக இருந்தாலே எனக்குக் கொஞ்சம் உதைக்கும்.

அவர் பெயர் வேறு மாதிரி இருந்திருந்தால் இவ்வளவு சந்தேகப்பட்டிருப்பேனா? பட்டிருப்பேன். கொஞ்சம் கம்மியாக. வாராவாரம் உங்களிடம் எதை எதையோ சொல்கிறேன், இதையும் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

என் வீடு மூன்று வருஷமாகக் காலி. ஆள் வராமல் இல்லை. வந்த ஆளையெல்லாம் அனுப்பி வைத்தது நான்தான். வக்கீலா? காலி பண்ணச் சொன்னால் கோர்ட்டுக்கு இழுப்பார். போலீஸா? காலி பண்ணு என்று சொல்லவே நமக்கு வாய் வராது. பேச்சிலர் பசங்களா? இரண்டு பேர் என்று வந்து எட்டுப் பேராகப் படுப்பார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடியா? அடுத்த மாதமே ஊரிலிருந்து மாமனார், மாமியார், மச்சினன் எல்லாம் வந்து இறங்குவார்கள். பத்திரிகைக்காரரா? ஐயோ, கிட்டவே சேர்க்கக் கூடாது. என்னைப் போல ஒருத்தன் வந்து கேட்டால் எனக்கே நான் வீடு கொடுக்க மாட்டேன்!

எங்கள் சந்தில் மொத்தம் பதினோரு வீடு. அதில் ஐந்து பூட்டிக் கிடக்கிறது. ஒன்று அண்ணன் தம்பி கேஸில் இருக்கிறது. ஒன்று பில்டருக்காகக் காத்திருக்கிறது. இரண்டு வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். ஐந்தாவது வீட்டுக்காரனை நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கைப்பிடிச் சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறது. பூட்டின வாசலாகப் பார்த்து எல்லோரும் குப்பை கொட்டுகிறார்கள். முனையில் இருந்த டீக்கடைக்காரர், குடிக்க ஆளில்லை என்று போன வருஷமே மூட்டை கட்டிவிட்டார்.

ஓனர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. "ஏரியா ரொம்பக் கெட்டுப்போச்சு" என்று அதில் தினமும் யாராவது போடுவார்கள். மற்றவர்கள் கைகூப்புவார்கள். குரூப்பில் இருக்கிற ஒருத்தர்கூட அந்தச் சந்தில் குடியில்லை. பாய் வாடகைக்காரர் என்பதால் அவரைச் சேர்க்கவில்லை.

காலி வீடு என்று தெரிந்தால் எவனாவது உள்ளே புகுந்துவிடுவான் என்று எனக்குப் பயம். அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். வெளியே பூட்டுத் தொங்கினால்தானே தெரியும்? கதவுக்கு உள்பூட்டு போட்டேன். வாசலில் ஒரு ஜோடி செருப்பு. முன்பக்கக் கொடியில் ஒரு சட்டை. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய்ச் செருப்பையும் சட்டையையும் மாற்றி வைத்துவிட்டு வருவேன். வீட்டுக்குள் போவதில்லை. உள்ளே ஒரே தூசி, எனக்குத் தும்மல் வரும். வாசலில் நின்று பார்த்தால் ஆள் இருக்கிற மாதிரியே இருக்கும். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

பாய் போனை வைத்ததும் என் மனைவியிடம் சொன்னேன். "மூணு தடவை கேட்டாச்சு. வீட்டை வளைக்கப் பார்க்கிறார்."

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "வீட்டை வளைக்கிறவரு எதுக்குங்க போன் பண்ணி உங்ககிட்ட பர்மிஷன் கேக்கறாரு?"

"அதுதான் டெக்னிக்!"

"நல்லா இருக்கு உங்க டெக்னிக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் பாயிடம் சொல்லாமல் கிளம்பிப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் இல்லையா?

சந்தில் நுழையும்போதே என் வீட்டுக் கதவை யாரோ தடதடவென்று தட்டுகிற சத்தம். பாய்தானோ? எட்டி நடந்தேன். இல்லை, ஒரு பெண்மணி. காக்கிக் கோட்டு, தோளில் பை, கையில் நோட்டு. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கிறவர். பெயர் செல்வி என்று பிறகு தெரிந்தது.

"உள்ள ஆளு கீதா இல்லியா? செருப்பு கீது, சட்டை காயுது, கதவ மட்டும் தொறக்க மாட்டேன்றீங்களே! ஆறு வாரமா வந்துகினு கீறேன்!" என்று கதவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

பேசாமல் திரும்பிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. வெட்கம். ஆனால் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"நான்தாம்மா ஓனர்."

"அப்ப உள்ள யாரு?"

"யாரும் இல்லை."

"யாரும் இல்லியா? அப்ப இது யாரு செருப்பு?"

"சும்மா... ஒரு சேஃப்டிக்கு" என்றேன்.

செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் நீ! பக்கத்து வூட்டு பாய் தலபாடா அடிச்சிகினாரு, காலி வூடும்மா, காலி வூடும்மான்னு. நான்தான் நம்பல. சட்டை மாத்தி மாத்தி காயுதே, இவரு ஏன் பொய் சொல்றாருன்னு அவர்ட்டயே சண்ட புடிச்சேன். பூட்டின வூடுன்னா அன்னிக்கே ஆபீஸ்ல சொல்லி உன்னப் புடிச்சிருப்போம். ஆளு கீற வூடாச்சேன்னு நடந்துகினே இருந்தேன்."

கதவைத் திறந்தேன். தும்மிக்கொண்டே பின்பக்கம் போனோம். தரைக்கடியில் இருக்கிற சம்ப்புத் தொட்டியின் சிமெண்ட் மூடி விரிசல் விட்டு ஒரு பக்கம் உள்ளே இறங்கியிருந்தது. கழுத்து வரை மழைத்தண்ணீர். செல்வி ஒரு வெள்ளைக் கரண்டியால் மொண்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். கரண்டி முழுக்கப் புழு நெளிந்தது.

"யாரும் இல்லன்ன? பாரு, எத்தினி குடித்தனம் வெச்சிகீற."

மருந்தை ஊற்றிவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "அந்த பாய் பொண்ணு ஞாயித்துக்கெழமைலேருந்து ஆஸ்பத்திரில கீது. டெங்கு. நல்லா படிக்கிற பொண்ணு சார்."

ஞாயிற்றுக்கிழமையா? செவ்வாய்க்கிழமைதானே பாய் எனக்குப் போன் செய்தார்? அப்படியென்றால் ஆஸ்பத்திரியிலிருந்தா பேசினார்? அந்தக் கொசு என் சம்ப்பில் பிறந்ததுதான் என்று என்ன நிச்சயம் என்று மனசு உடனே வக்கீலாகி வாதாடியது. வக்கீலுக்கு நான் வீடு தருவதில்லை. மனசுக்குள் மட்டும் ஒருத்தரை வாடகை வாங்காமல் வைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

எந்த ஆஸ்பத்திரி என்று செல்வியிடம் கேட்டு, ஆட்டோ பிடித்துப் போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார். நான்கு நாள் தாடி, கசங்கின சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்! திட்டுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வாங்க சார். இன்னிக்குக் காலையிலதான் பிளேட்லெட் ஏற ஆரம்பிச்சிருக்கு. டாக்டர் பயமில்லன்னுட்டாரு. அல்லா காப்பாத்திட்டான்."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஷிஃபா தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் ஊசி குத்தின இடமெல்லாம் நீலம். பக்கத்தில் அவள் அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது நியாயம்தான்.

சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினேன். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் பாய்."

அவர் கையை நீட்டவில்லை. "வேணாம் சார். நாளைக்கு உள்ள ஒரு பல்பு ஒடஞ்சாலும் நான்தான்னு ஆயிடும். அந்தம்மா வந்தா நீங்களே தொறந்து விடுங்க, போதும்." கோபமே இல்லாமல் சொன்னார். சாவி என் கையிலேயே இருந்தது.

கேட்காமல் வந்திருக்கலாம். கேட்டுவிட்டேன். "பாய், பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்குன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஓடி வந்திருப்பேனே!"

அவர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"சொல்லலாம்னுதான் சார் போன் பண்ணேன். சாவிக்காக, பெத்த பொண்ணுக்கு டெங்குன்னு பொய் சொல்றான்னு நீங்க நெனச்சிட்டீங்கன்னா? புள்ள விஷயத்துல அந்தப் பேச்சு வேணாம்னு விட்டுட்டேன்."

'சேச்சே, நான் அப்படி நினைப்பேனா பாய்?' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

நினைத்திருப்பேன்.