இரண்டு தடவை படிக்கும் குரல்

நல்லசிவம் அண்ணன் இறந்த சேதி என் செல்போனுக்குத்தான் வந்தது. அவர் மகன் அனுப்பியிருந்தான். சிரித்த முகம், சுற்றிலும் பூ, கீழே நாலு வரி. எனக்கு எழுத்துத் தெரியாது. எழுபதாம் கல்யாணம் என்று நினைத்து, கட்டைவிரல் படத்தைப் பதிலுக்கு அனுப்பினேன். மறுநாள் மருமகள் படித்துச் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

ராசிபுரத்தில் அவர் நடத்திய உள்ளூர் டிவி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். நான் அங்கே கேபிள் இழுத்தவன். மற்ற சேனல்களில் சாவு அறிவிப்பு கீழே எழுத்தாக ஓடும். அண்ணன் மைக் முன்னால் உட்கார்ந்து படிப்பார்: பெயர், தெரு, இன்னார் மகன், எத்தனை மணிக்கு எடுப்பு. மறுபடியும் முதலிலிருந்து. "மொதத் தடவ பேருதான் காதுல உழுவும். ரெண்டாவதுலதான் நேரம் உழுவும்" என்பார்.

ஒரு தை மாதம் ஜவுளிக்கடைக்காரர் ஆபீசுக்கே வந்துவிட்டார். எங்களுக்குப் பெரிய விளம்பரம் அவருடையதுதான்.

"ஏனுங்க, முகூர்த்தப் பட்டு காட்டி முடிக்கறதுக்குள்ள உங்க சாவுச் சேதி. அப்பறம் கடைக்கு ஆருங்க வருவா?"

"செத்தவரு ஊட்லயும் அடுத்த வருசம் கண்ணாலம் வருமுங்க. உங்க கடைக்குத்தான் வருவாங்க."

அவர் சிரிக்கவில்லை. குரலை நிறுத்தாவிட்டால் விளம்பரம் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார். நானும் அவர் பக்கமே பேசினேன்.

"எழுத்துல ஓட உட்ருங்கண்ணா. நம்ம பொழப்பும் ஓடோணுமில்ல."

"எழுத்துல போட்டா உனக்கு எப்படித் தெரியும், செங்கோடா?"

"பக்கத்தூட்ல சொல்லுவாங்க."

"சொல்லுவாங்களா?" என்று கேட்டுவிட்டு மைக்கைப் போட்டு அன்றைய சாவைப் படிக்க ஆரம்பித்தார்.

ஜவுளிக்கடை போனது. அதைப் பார்த்து நகைக்கடையும் போனது. பிறகு கேபிளுக்கு வீட்டுக்கு வீடு செட்டாப் பெட்டி வந்தது. எங்கள் சேனல் எந்த நம்பரில் வருகிறதென்று வீடு வீடாகப் போய் ரிமோட்டில் காட்டினேன். காட்டி முடிப்பதற்குள் நம்பர் மாறியது. கடைசியில் பூட்டினோம்.

பூட்டிய அன்று, "இனி ஆராச்சும் செத்தா உனக்கு நானே சொல்றேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதிலிருந்து ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் போன் வரும். பெயர், தெரு, எடுப்பு. மறுபடியும் முதலிலிருந்து. அவர் சாவுக்கு மட்டும் அந்தப் போன் வரவில்லை. பக்கத்து வீட்டிலும் சொல்லவில்லை.

என்னிடம் மிஞ்சியது அந்தக் குரலும், அழிக்கத் தெரியாத அந்தக் கட்டைவிரலும்தான். உங்கள் வீட்டில் எழுத்துத் தெரியாதவர் யாராவது இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். இரண்டு தடவை.