ரோட்டைப் பார்த்து நிற்கும் லாரி

என் வீட்டு அலமாரியில் ஜப்பான் குளிர்பான லாரிகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் உலோகத்தில் வார்த்த டை-காஸ்ட் பொம்மைகள், பழைய காலத்து வண்டிகளின் அச்சு அசலான சிறு வடிவங்கள். இந்த வயதில் பொம்மை வாங்கிச் சேர்க்கிறேனே என்று மருமகள் சிரிக்கிறாள், சிரிக்கட்டும். நடுவில் நிற்கும் சிவப்பு லாரியை யாராவது திருப்பி வைத்தால் மட்டும் இன்றும் உடனே எழுந்துபோய் நேராக்கிவிடுவேன்.

அதன் மூத்தது, தகரத்தில் செய்தது, உதியன்குளங்கரையில் அத்தையின் சோடாக் கடையில் நின்றது. அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஜப்பான் போகும்போதெல்லாம், தங்கை சோடா விற்கிறவள் என்பதால், கலர் பாட்டில் ஏற்றிய பொம்மை லாரியாகத் தேடி வாங்கி வருவார். அம்மா இல்லாத என்னை வளர்த்தவள் அத்தைதான். ஆனாலும் அந்த லாரிகளைத் தொட என்னைக்கூட விடமாட்டாள். "ஏட்டி, கைய எடு" என்று ஒரே அதட்டல்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்தபோது, அத்தையின் கணவரான மாமாவைப் போலீஸ் தேடியது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசியவர் அவர். பிடிபட்டவர்கள் திரும்பி வந்த கோலத்தை ஊரே பார்த்திருந்தது. மாமா குன்னத்துகால் பக்கம் ஒளிந்திருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் கடைக்கு எதிரே உள்ள மரச்சீனி விளைக்கு, அதாவது மரவள்ளித் தோட்டத்துக்கு, வருவார். சிவப்பு லாரி ரோட்டைப் பார்த்து நின்றால் சாப்பிட வரலாம்; முதுகைக் காட்டி நின்றால் வரக்கூடாது. எனக்கு இது தெரியாதென்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். தூரத்தில் கண்டதுமே அத்தை லாரியைத் திருப்பிவிட்டாள். ஆனால் அவர் கண் அதன்மேலேயே விழுந்தது. எடுத்து மேசையில் உருட்டினார், பின்கதவைத் திறந்து குட்டி பாட்டில்களைப் பார்த்து ரசித்தார். பிறகு ஒழுங்காக, ரோட்டைப் பார்த்து வைத்தார். லாரி என்றால் அப்படித்தானே நிற்கவேண்டும்!

அத்தை அதைத் திருப்பக் கையை நீட்டினாள். "அங்ஙனே இருக்கட்டே, காணான் நல்ல அழகுண்டு" என்று மலையாளத்தில் சொல்லித் தடுத்தார் அவர்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. எதிரே மரச்சீனி இலை அசைவது காற்றாலா ஆளாலா என்று தெரியவில்லை.

அத்தை லாரியை எடுத்து அவர் கையிலேயே வைத்தாள். "பிள்ள உண்டா சாரே? கொண்டுபோய்க் குடுங்க. எனக்கு எதுக்காக்கும் இது?"

அவர் முகம் மலர்ந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு சோடா கேட்டார். பாவி மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. அலமாரியின் நடுவில் வெறும் இடம். லாரியே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் பேசிவைத்திருக்கவில்லை. அத்தை விளக்கை ஏற்றினாள்.

மாமா வரவில்லை. சில நாள் கழித்துப் பின்வாசல் வழியாக வந்தவர் சொன்னார்: "நீ அத விக்கவும் மாட்ட, குடுக்கவும் மாட்டன்னு எனக்குத் தெரியும்லா. அதக் காணலன்னதும் திரும்பிப் பாக்காம ஓடினேன்."

அத்தை அப்போதுதான் அழுதாள்.

பிறகு எல்லை வகுத்தார்கள். நாங்கள் கேரளப் பக்கத்திலேயே நின்றோம். மாமா காலமாகிப் பல வருடம் கழித்து அதே லாரி டை-காஸ்ட்டில் எனக்குக் கிடைத்தது. தள்ளாத வயதிலிருந்த அத்தையை ஆட்டோவில் கூட்டிவந்து காட்டினேன். பக்கவாட்டில் நிறுத்தியிருந்த லாரியை அத்தை மெல்லப் பிடித்து, சன்னலுக்கு வெளியே தெரியும் ரோட்டைப் பார்த்துத் திருப்பினாள்.

"இனி அவர யாரு பிடிக்கப் போறா? வரட்டும்" என்றாள்.

இப்போது அத்தையும் இல்லை. லாரி ரோட்டைப் பார்த்துத்தான் நிற்கிறது.