வாசிக்காமல் விட்ட வரி

நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. கல்யாண வீட்டில்கூடப் பந்திக்குப் பின்னால் பாத்திரங்களோடு நின்றுகொள்வேன். அப்படிப்பட்ட என்னைத்தான் டீச்சர் எஸ்டேட்டுக்குச் செய்தி சொல்லும் ஆளாக ஆக்கினார்.

சூரியநெல்லியைத் தாண்டி இன்னும் மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம். நாலாம் வகுப்பு வரைக்கும்தான். மலையாளப் பிரிவு ஒன்று, தமிழ்ப் பிரிவு ஒன்று. மத்தியானச் சோறும் பயறும் ஆக்குகிற வேலை எனக்கு. பள்ளிக்கூடத்துச் செய்தியெல்லாம் டீச்சரின் போனுக்கு மலையாளத்தில் வரும். தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கிற மேல் லயத்து வீடுகளில் ரேஞ்சு கிடையாது. கிடைத்தாலும் அந்த எழுத்து எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. டீச்சர் தமிழில் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். நானும் நாலாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்து பெரிசு பெரிசாக விழும். சாயங்காலம் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீடு வீடாகப் போய் வாசிப்பேன். பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள், மழைக்கு லீவு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள், தலையில் பேன் பாருங்கள். வாசிப்பதில் எனக்குக் கூச்சமில்லை. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், நோட்டைப் பார்த்தால் போதும்.

"ரேடியோ வந்துருச்சுடீ, சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க" என்று கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கும் சிரிப்பு வரும்.

போன வருஷம் ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்து ஐந்தாம் நாள், விடாத மழை. ஹெல்த் சென்டரிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. கீழே இருக்கிற பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி பரவுகிறதாம். டீச்சர் சொல்ல நான் எழுதினேன். காய்ச்சின தண்ணீர் கொடுங்கள். டம்ளர், துண்டு தனியாக வையுங்கள். கன்னம் வீங்கிய பிள்ளையை ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். தலைவலி, வாந்தி, காதில் கோளாறு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எழுதி முடித்ததும் டீச்சர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு ஆறாவது நாள், அக்கா" என்றார்.

அது எனக்குத் தெரியும். திறந்து ஆறாவது நாள் பிள்ளைகளின் கணக்கை எடுப்பார்கள். தலை குறைந்தால் பிரிவு போய்விடும், டீச்சரை வேறெங்காவது மாற்றிவிடுவார்கள். அந்த வருஷம் எங்கள் தமிழ்ப் பிரிவில் சரியாக வேண்டிய அளவுக்குத்தான் பிள்ளைகள். ஒன்று குறைந்தாலும் போச்சு. ஆபீசிலிருந்து ஒருத்தர் நேரிலேயே வந்து எண்ணப்போகிறார் என்றும் பேச்சு. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். பிரிவு போனால் மலையாளப் பிள்ளைகள் கொஞ்சம் பேருக்கு ஆக்கிப்போட நான் எதற்கு என்ற பயமும் எனக்குள் இருந்தது.

மேல் லயத்தில் கடைசி வீடு. மூன்றாம் வகுப்பில் படிக்கிற பையன் அடுப்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தான். இடது கன்னம் வீங்கி இருந்தது. கழுத்தில் தங்கச் சங்கிலி. இந்த வியாதிக்குப் பிள்ளையின் கழுத்தில் தங்கம் போடுவது எங்கள் வழக்கம். தங்கம் இல்லாத வீட்டுக்கு இருக்கிற வீட்டிலிருந்து சங்கிலி போகும். இந்தச் சங்கிலி எனக்குத் தெரிந்ததுதான். என் அடுத்த வீட்டுக்காரியுடையது. கேட்டவுடன் கழற்றிக் கொடுத்துவிடுகிற மனசு அவளுக்கு.

"வாங்க பெரிம்மா" என்றாள் பையனின் அம்மா. "நாளைக்கு எண்ணிக்கையாமே? எங்க மாமியா காலையிலேருந்து புலம்புது, டீச்சரும் போயிட்டா நம்ம பிள்ளைக எந்தப் பாஷையில மூக்கச் சிந்தும்னு."

"இவனுக்கு எப்பலேருந்து?"

"முந்தாநேத்துலேருந்து. காய்ச்சல் விட்டுருச்சு. அனுப்பலாமா பெரிம்மா? நோட்டுல என்ன போட்டுருக்கு?"

நான் நோட்டை விரித்தேன். தண்ணீரை வாசித்தேன். டம்ளரையும் துண்டையும் வாசித்தேன். அடுத்த வரி கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதை விட்டுவிட்டு, தலைவலி, வாந்தி என்று கடைசி வரிக்குப் போய்விட்டேன்.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"அப்பக் கொரங்குத் தொப்பியப் போட்டு அனுப்பிவிடுதேன்" என்றாள். அவளுக்கு நிம்மதி. எனக்கும்தான்.

மறுநாள் பையன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தான். குளிருக்கு எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வரும், டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை. சட்டைக் காலருக்குள்ளே சங்கிலி மின்னியது எனக்கு மட்டும் தெரிந்தது. என் அடுத்த வீட்டுக்காரியின் மகள் நாலாம் வகுப்பு. நாலு வகுப்பும் ஒரே அறைதான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்கு மெல்ல முடியவில்லை என்று பயறை நசுக்கிக் கொடுத்தாள். நான் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆபீசிலிருந்து யாரும் வரவில்லை. கணக்குக் காகிதமாகவே போனது. பிரிவு தப்பித்தது. சாயங்காலம் டீச்சர் பிள்ளைகளுக்கு லட்டு கொடுத்தார். எனக்கும் இரண்டு. அவர் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் பேச்சுவாக்கில் சொன்னார்: "யாருக்காவது சொகமில்லைன்னா வீட்டுலேருந்து ஒரு லெட்டர் குடுத்தாப் போதும்க்கா, அந்தப் பிள்ளையும் கணக்குலதான். அதான் நான் ரொம்பப் பயப்படல."

லட்டு கையில் இருந்தபடியே இருந்தது. முதல் நாளே வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கக் கூச்சம்.

மூன்று வாரம் கழிந்திருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கன்னம் வீங்கியது. மேல் லயத்திலிருந்து திரும்பி வந்த சங்கிலியை அவள் அம்மா அவள் கழுத்தில் போட்டாள். வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. அதற்குள் ஒரு நாள் காலையில் பிள்ளை, "அம்மா, இந்தக் காதுல கெணத்துக்குள்ள இருக்க மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்கே ஜீப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். மாத்திரை, ஊசி, காதில் மாட்டிச் சோதிக்கிற மிஷின் எல்லாம் ஆயிற்று. வலது காது போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். யாரிடமிருந்து ஒட்டியது என்று யாராலும் சொல்லமுடியாது, வீக்கம் தெரிகிறதற்கு முன்னாடியே ஒட்டும் என்றும் சொன்னாராம். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நாள் தூங்கினேன்.

ஆனால் அவள் அம்மா வேறொன்றைப் பிடித்துக்கொண்டாள். தன் சங்கிலிதான் வியாதியைக் கொண்டுவந்தது என்று. நோய் பட்ட கழுத்திலிருந்து கழற்றி, கழுவாமல் மகளுக்குப் போட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்வாள். வீங்கின பிறகுதானே போட்டாய் என்றால் காதில் ஏறாது. "அதுக்கு முன்னாடி அஞ்சறைப் பெட்டியிலதான வச்சிருந்தேன், அவ அதத்தான நோண்டிக்கிட்டே இருப்பா" என்பாள். அப்புறம் இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்கு வீங்கியபோது சங்கிலி கேட்டார்கள். தரமாட்டேன் என்றாள். குழாயடியில் ஒருத்தி, "குடுத்தாப் பவுனு தேஞ்சிருமோ? இப்படி இருந்தா சாமி எப்படிக் கண்ணத் தொறக்கும்?" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். குடத்தோடு நின்ற நானும் கேட்டேன். அடுத்த வீட்டுக்காரி அரைக்குடம் தண்ணீரோடு போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்ல இந்த வருஷம் வரைக்கும் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடுத்த வீட்டுக்காரி வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். பார்த்து வாசித்தால்தானே எனக்குச் சொல்ல வரும். அந்தப் பக்கத்தை எடுத்து, விட்ட வரியை அவளுக்கு வாசித்தேன். மேல் லயத்தில் இதை விட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். சங்கிலி இல்லை, நான்தான் என்றேன்.

கோடாலியைக் கட்டையிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க வாசிச்சிருந்தா அவ அனுப்பியிருக்க மாட்டாளா?"

"மாட்டா."

"எம் பிள்ளைக்கு வந்துருக்காதா?"

"தெரியலத்தா. வராம இருந்திருக்கலாம்."

"ஒரு வருசம்" என்றாள். "ஒரு வருசமா ஏங் கையாலதான் எம் பிள்ளையக் கெடுத்தேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன் பெரிம்மா. பக்கத்து வீட்டுலதான இருந்தீக. சொவரு ஒண்ணுதான நடுவுல."

நான் நோட்டை மூடினேன்.

"இப்ப எதுக்குச் சொல்லுதீக? உங்க நெஞ்சு லேசாகணும்னா?"

"இல்லத்தா. உன் மேல நீ போட்டுக்கிட்டது உன்னுது இல்லேன்னுதான்."

"போங்க பெரிம்மா" என்றாள். கத்தவில்லை. "இன்னிக்கு ஒண்ணும் பேச வராது. போங்க."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். டீச்சர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, மறுபடியும் நோட்டை என்னிடமே கொடுத்தார். எல்லா வரியையும் வாசிக்கிறேன், இரண்டு தடவை.

பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு, மலைக்குக் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் தம்பியை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு முட்டை கலந்த பால் குடிக்க வருகிற வழக்கமெல்லாம் நின்றுபோனது. ஆனால் பாதையில் எதிரே வந்தால் சிரிப்பாள். அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போல. போன வாரம் மழையில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், பின்னால் ஜீப் வந்தது. ஹாரன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பாதை நடுவிலேயே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தேன். என் வாயிலிருந்து அவள் பெயர் அவ்வளவு சத்தமாக வந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கை பட்ட பிறகுதான் திரும்பினாள்.